கறிவேப்பிலைக்குப் பக்கத்துக் குழி

சுக்கு சாப்பிடவில்லை என்றால் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம். சுக்கு எங்கள் வீட்டு நாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோட்டுச்சேரி பஸ் ஸ்டாப்பிலிருந்து என் மருமகள் பிரதீபா அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தபோது எலும்பும் தோலுமாகக் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பெயர் வைத்ததும் அவள்தான். "வேலைக்குப் போறவ நாயைக் கொண்டாந்து வச்சா யாருடி பாக்குறது" என்று நான் ஒரு வாரம் கத்தினேன். எட்டாவது நாளிலிருந்து அதற்குச் சோறு பிசைந்து வைப்பது நான்தான். என் வாய்க்கு அது வேண்டும்.

அந்தச் சுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மத்தியானம் வாந்தி எடுத்தது. திங்கட்கிழமை குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை, வயிற்றில் கை வைத்தால் முனகியது. பிரதீபா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். தெருமுனையில் இருக்கும் முத்து முகம்மதுவின் ஆட்டோவை வரவழைத்து, சுக்கை மடியில் போட்டுக்கொண்டு, காரைக்காலில் நாய், ஆடு எல்லாம் பார்க்கும் டாக்டர் ஆஃப்ரினிடம் கிளம்பினோம். என் மகன் தமிழ்ச்செல்வன் ஆபீஸ் வேலையாகப் புதுச்சேரி போயிருந்தான். என் வீட்டுக்காரர் குறுவை நடவில் இருந்தார். ஆக நாங்கள் இரண்டு பொம்பளைகள்தான்.

ஆட்டோவில் நான் வாயைத் திறக்கவில்லை. மங்கையர்க்கரசியாகிய நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் கோளாறுதான், வேறு நாளாக இருந்தால் பிரதீபா கண்டுபிடித்திருப்பாள். அன்று அவள் சுக்கின் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஒரு விஷயம் வெள்ளிக்கிழமையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் மாங்கனித் திருவிழாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனி மாசம் காரைக்காலில் சாமி வீதியில் வரும்போது இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை இறைப்பார்கள். அந்தப் பழம் கிடைத்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. பிரதீபாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். புதுச்சேரி வரைக்கும் போய் இரண்டு முறை வைத்தியம் பார்த்தாகிவிட்டது, இரண்டும் நிற்கவில்லை. திருவிழாவுக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் எல்லாரும் எகிறி எகிறிப் பிடிக்க, இவள் சும்மா நின்றாள். சும்மா நின்றவள் தோளில் ஒரு நாட்டு மாம்பழம், சின்னதுதான், பட்டுத் தெறித்து அவள் முந்தானையிலேயே விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அந்தப் பழத்தின் கொட்டையைக் குப்பையில் போடுவது எங்கள் அம்மா வீட்டில் வழக்கமில்லை. வீட்டு மண்ணில் ஒரு துண்டு மஞ்சளோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். பழம் சாப்பிட்டவள் தினமும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தன் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். முளைவிட்டுத் தானாக வெளியே வரும்வரை ஒருத்தரும் தோண்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பலன் போச்சு. மறுநாள் வியாழக்கிழமை, தோட்டத்தில் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். சுக்கு கிளறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். மண்ணைத் தள்ளி மூடும்போது பிரதீபா சொன்னாள்:

"இதுதான் கடைசி அத்தை. இதுக்கப்பறம் ஊசி, மாத்திர, கோயில், எதுக்கும் என்னக் கூப்புடக் கூடாது."

"சரி" என்றேன். அந்த நேரத்துக்கு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் இரண்டு நாள் கடனே என்று ஊற்றினாள். மூன்றாம் நாள் குனிந்து மண்ணை உற்றுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில் ஈரத்தலையோடு செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றதைச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது. ஆசை இல்லாத மாதிரி நடித்தவளுக்குள் எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

எட்டாம் நாள் காரைக்கால்மேட்டிலிருந்து நல்ல சங்கரா மீன் வந்தது. கழுவின தண்ணீரை, பதினைந்து வருஷப் பழக்கத்தில், கொண்டுபோய்க் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றிவிட்டேன். கறிவேப்பிலைக்கு மீன் தண்ணீர்தான் உரம், எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பக்கத்தில் என்ன புதைத்திருக்கிறோம் என்பது ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. மண்ணில் இறங்கின வாசனையை வெளியே எடுக்க முடியுமா? பேசாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் முள் விலகிக் கிடந்தது. குழி மண் பறிக்கப்பட்டுச் சிதறியிருந்தது. கொட்டை உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கையை விட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பார்க்கக் கூடாது என்று சொன்னதே நான்தானே. பெருச்சாளி கிளறியிருக்கும், மேலாகத்தான் பறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணைத் தள்ளி மூடி, தட்டிச் சமமாக்கி, முள்ளைப் பழையபடி போட்டேன். பிரதீபா எழுந்து வந்து தண்ணீர் ஊற்றினாள். நான் ஜன்னலில் நின்று தோசைக்கு மாவு கரைத்தேன்.

டாக்டர் ஆஃப்ரினுக்கு முப்பது வயசுகூட இருக்காது. தலையில் போட்ட துணியைப் பின் குத்தி இறுக்கிக்கொண்டு, சுக்கின் வயிற்றை நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

"குடல்ல காத்து அடைச்சிருக்கு" என்றாள். "ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். எதையாவது முழுங்கி அடைச்சிருக்கலாம், இல்ல உள்ள வீக்கமா இருக்கலாம். அடைப்புன்னா இன்னைக்கே வயித்தத் தெறந்தாகணும், விட்டா குடல் அழுகிடும். வெறும் வீக்கம்னா மருந்துதான் குடுக்கணும். அதுல போயி வயித்தத் தெறந்தா இப்ப இருக்குற நெலமைல தாங்காது."

"படத்துல தெரியலீங்களா டாக்டர்?" என்று பிரதீபா கேட்டாள்.

"கல்லு, எலும்புன்னா பளிச்சுன்னு தெரியும். சில சாமான் தெரியாது. ஸ்கேன் பண்ணா தெரியும், அதுக்கு ஒரத்தநாடு கால்நடைக் காலேஜுக்குப் போகணும். அவ்வளவு தூரம் வண்டியில தாங்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல." அவள் பிரதீபாவை நேராகப் பார்த்தாள். "மாம்பழ சீசன். கொட்டை ஏதாவது முழுங்குச்சா?"

நான் குனிந்து சுக்கின் காதைத் தடவினேன்.

"வாய்ப்பே இல்ல டாக்டர்" என்றாள் பிரதீபா. "குட்டியா இருக்கும்போது ஒருதடவ தொண்டையில மாட்டிக்கிச்சு. அதுலேருந்து எங்க வீட்ல கொட்டைய மூடி போட்ட வாளியிலதான் போடுவோம். ஒண்ணுகூட வெளிய கெடக்காது. சொல்லுங்க அத்தை."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம்" என்றேன்.

சொல்லிவிட்டேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அம்பத்தெட்டு வயசில் கூசாமல் ஒரு டாக்டர் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன்.

"அப்ப டிரிப் போட்டுப் பாப்போம்" என்றாள் டாக்டர். "ஒரு மணி வரைக்கும் வெயிட் பண்றேன். ஆபரேஷன்னா எனக்குக் கூட ஒரு ஆள் வேணும், அதுக்கு மேல ஆரம்பிச்சா அவரு இருக்க மாட்டாரு. அதுக்குள்ள ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க. எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் சரி."

மணி பதினொன்று பத்து. சுக்கின் முன்னங்காலில் மயிரைச் சிரைத்து ஊசியைக் குத்தினார்கள். அது கத்தவில்லை. மேஜையில் தலையை வைத்தபடி கண்ணை மட்டும் உருட்டி என்னைத் தேடியது. நான் தெரிந்ததும் வாலால் மேஜையை ஒரே ஒரு முறை தட்டியது. சோறு பிசைந்து போட்ட கைக்கு அவ்வளவு மரியாதை.

நான் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சொன்னால் பிரதீபாவின் கடைசி ஆசை போச்சு. கொட்டை ஒருவேளை குழியிலேயே பத்திரமாக இருந்தால்? அனாவசியமாக அவள் நெஞ்சை உடைத்ததுதான் மிச்சம், வயிற்றைத் திறந்து நாயையும் கொன்றிருப்பேன். சொல்லாமலே இருந்தால்? கொட்டை அதன் வயிற்றில் இருந்தால், அது என் எதிரிலேயே இந்த மேஜையில் சாகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. போய்ப் பார்த்துவிடுவது ஒன்றுதான் வழி. கொட்டை இருந்தால் மூடிவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. பார்த்த பாவம் என்னோடு போகட்டும்.

"வீட்டுக்குப் போயிப் பழைய வேட்டி ரெண்டு எடுத்தாறேன், கீழ விரிக்க" என்றேன்.

"இப்பவா அத்தை? இங்கயே துணி இருக்கு."

"இருக்கட்டும், வந்துடுறேன்."

முத்து முகம்மது வாசலிலேயே இருந்தார். "நாய்க்கு எப்படி இருக்குக்கா?" என்று கேட்டார். "வேகமாப் போங்க" என்று மட்டும் சொன்னேன். கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. முத்து முகம்மது ஹாரன் அடித்தார். நான் தலையை வெளியே நீட்டி லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பாவம் என்ன செய்வான், என்னைத் திட்டிக்கொள்ள முடியாமல் அவனைத் திட்டினேன். பத்து நிமிஷம் அங்கேயே போனது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தோட்டத்துக்கு ஓடினேன். முள்ளை இழுத்துப் போட்டேன். காலையில் பிரதீபா ஊற்றின ஈரம் இன்னும் காயவில்லை. மண்மேல் அவள் விரல் தடம் இருந்தது, தட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்ததும் கை எழவில்லை. "சாமி, உள்ளேயே இருக்கட்டும்" என்று வேண்டினேன். அடுத்த நிமிஷமே, உள்ளே இருந்தால் சுக்குக்கு என்ன வியாதி என்று தெரியாமலே போய்விடுமே என்ற பயமும் வந்தது. எதை வேண்டுவது என்றே தெரியாமல், கையாலேயே பறித்தேன்.

ஒரு சாண் இறங்கினேன். மஞ்சள் துண்டு வந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இன்னும் தோண்டினேன். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கறிவேப்பிலை வேர் வரைக்கும் போனேன். மண்புழுதான் நெளிந்தது. கொட்டை இல்லை.

மணி பன்னிரண்டு இருபது. சேற்றுக் கையோடு போனை அழுத்தினேன். டாக்டர் நம்பர் என்னிடம் இல்லை.

"பிரதீபா, போனை டாக்டரம்மாகிட்ட குடு."

"அவங்க உள்ள ஒரு ஆட்டுக்குட்டியப் பாத்துகிட்டு இருக்காங்க. என்னத்தை? சொல்லுங்க."

"அவங்ககிட்டயே சொல்லிடுறேன்மா."

"என்கிட்ட சொல்லுங்க அத்தை. நேரம் போவுது."

நான் குழியைப் பார்த்தபடி நின்றேன். அவளிடமே சொல்ல வேண்டும் என்று விதி.

"அது கொட்டையத்தான் முழுங்கியிருக்கு. வயித்தத் தெறக்கச் சொல்லு."

"எந்தக் கொட்டை?"

"நம்ம கொட்டை."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"தோண்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். மஞ்சள் இருக்கு. கொட்டை இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா அத்தை? ஏன்னா தப்பா இருந்தா அவன் செத்துருவான்."

"மொழங்கை வரைக்கும் பாத்துட்டேன். இல்லம்மா."

"சரி" என்று வைத்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் திரும்பிப் போனபோது உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. பிரதீபா பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் சுக்கின் கழுத்துப் பட்டை கிடந்தது. என் கையிலும் புடவையிலும் மண் அப்பியிருந்ததை அவள் பார்த்தாள். கொண்டுவருகிறேன் என்ற வேட்டியைக் கொண்டுவரவும் மறந்திருந்தேன். ஆட்டுக்குட்டியோடு வந்திருந்தவள் "நாய்க்கா ஆப்ரேசன்?" என்று என்னைக் கேட்டாள். தலையை ஆட்டினேன். ஊர்வம்பு பேச என்னை மிஞ்ச ஆளில்லை, அன்றைக்கு எவளோடும் பேசப் பிடிக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை, இரண்டு ஆயிற்று. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிரதீபாவின் பெருவிரல் நகத்தை அவளே கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

இரண்டே காலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் ஆஃப்ரின் நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இருக்கான்" என்றாள் முதலில். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், அதை முதலில் சொன்னாளே. "குடல் ஒரு எடத்துல கறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அந்தத் துண்ட வெட்டித் தச்சிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தோம்னா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ரெண்டு நாள் தாண்டிட்டா பயமில்ல."

பிரதீபா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள். அதில் கொட்டை கிடந்தது. கழுவியிருந்தார்கள். நாலு நாள் வயிற்றில் கிடந்தும் அழுகவில்லை. நுனியில் மெல்லிசாக ஒரு விரிசல், எட்டு நாள் மண்ணில் இருந்ததற்கு முளைவிடத் தொடங்கியிருக்கிறது. "சில பேரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. வேணுமாங்க?"

என் கை தானாக நீண்டது. இது இன்னும் முளைக்கும் என்று மனசு சொல்லிற்று. திரும்பப் புதைக்கலாம், இந்தத் தடவை கம்பி வலை போடலாம், மீன் தண்ணீர் பக்கத்திலேயே போகாது. அவ்வளவும் ஒரு நொடியில் ஓடிவிட்டது. அப்போது பிரதீபா பார்த்தாள். அவள் கொட்டையைப் பார்க்கவில்லை, நீட்டின என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை மடக்கிக்கொண்டேன்.

"வேணாம் டாக்டரம்மா" என்றேன். "குப்பையில போட்டுடுங்க."

டாக்டர் உள்ளே போன பிறகு பிரதீபா கேட்டாள். "எப்பப் பாத்தீங்க அத்தை?"

எதைப் பார்த்தேன் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். வழக்கமான நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"வெள்ளிக்கெழமை. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி. மண்ணு கிளறியிருந்துச்சு. நான் மூடிட்டேன். டாக்டரம்மா கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்னைக்கு. அஞ்சு நாள். நான் குளிச்சிட்டு வந்து வெறுங்குழிக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன். நீங்க ஜன்னல்லேருந்து பாத்துகிட்டே இருந்திருக்கீங்க."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா."

"ஒம்போது வருசமா எல்லாரும் அதத்தான் சொல்றீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "உங்க புள்ளையும் அப்படித்தான், ரிப்போர்ட்ட எடுத்து ஒளிச்சு வச்சுட்டு அடுத்த தடவ பாக்கலாம்னு சொல்லுவாரு. காலின்னா காலின்னு சொல்லிடுங்க அத்தை. அத நான் தாங்கிடுவேன். ஒண்ணுமில்லாத எடத்துல நின்னு கும்பிட வச்சீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் ஒரு மருமகளிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அங்கே, ஆட்டுக்குட்டிக்காரி பார்க்க, கேட்டேன். பிரதீபா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள். முதலில் கையைத் துடைத்தேன், பிறகு கண்ணை.

சுக்கு சனிக்கிழமை வீடு வந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் வாளி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாட்டிவிட்டிருந்தார்கள். கதவிலும் தூணிலும் இடித்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றி வந்தது. கஞ்சியும் மோரும் குடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்றிருந்தேன். பிரதீபா தோட்டத்துக்கு வந்தாள். தலைக்குக் குளிக்கவில்லை, கையில் செம்பும் இல்லை. நான் தோண்டிப் போட்ட குழி அப்படியே வாயைப் பிளந்து கிடந்தது. ஐந்து நாளாக நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அங்கேருந்து பாக்காதீங்க அத்தை. இங்க வாங்க. சுக்கு உள்ள விழுந்துடப் போவுது, மூடிடுவோம்."

போனேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், காலாலும் கையாலும் மண்ணைத் தள்ளினோம். முள்ளையெல்லாம் பொறுக்கி வேலி ஓரம் எறிந்தேன். சும்மா இருக்க முடியாமல், "இந்த எடத்துல ஒரு மொளகாக் கன்னு வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வைக்க வேணாம்" என்றாள். "சும்மா கெடக்கட்டும்."

சரி என்றேன். இந்த முறை காதில் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். சுக்கு மெதுவாக நடந்து வந்து, புது மண்ணை அந்தப் பிளாஸ்டிக் வாளியோடு ஒரு சுற்று முகர்ந்து பார்த்துவிட்டு, ஈரம் குளிர்ச்சியாக இருந்ததோ என்னவோ, அதன்மேலேயே படுத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.